வெல்ஃபேர் கார் வந்த சனிக்கிழமை

காரின் பின்சீட்டில் வெள்ளைச் சட்டை தெரிந்ததும் நவமணி தலையைக் குனிந்துகொண்டாள். அர்ச்சுனனைக் கையோடு கூட்டி வந்திருக்கிறார்கள் போல. அவன் முகத்தில் எப்படி விழிப்பது?

புந்தோங் மூன்றாவது சந்தில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதை வேலிக்கு மேலேயே மோந்து பார்த்துச் சொல்லிவிடுகிறவள் அவள். வந்து நின்ற காரை எட்டிப் பார்க்காமல் விட்டது அன்றைக்குத்தான்.

வெல்ஃபேர் அதிகாரி பஞ்சலிங்கம் மாமரத்தடியில் காரை விட்டுவிட்டு, சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்து உள்ளே வந்தார். கேஸில் மாட்டிய பிள்ளைகளைப் பற்றி விசாரித்துக் கோர்ட்டுக்கு ரிப்போர்ட் எழுதுவது அவர் வேலை. அதைப் பார்த்துத்தான் பையன் வீட்டுக்கா, சீர்திருத்தப் பள்ளிக்கா என்பது முடிவாகும்.

போன வருடம் கடைசி வீட்டுச் சீனியின் மகனைப் பற்றிக் கேட்கவும் நேராக இங்கேதான் வந்தார். நவமணி மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் பேசினாள். பையன் மூன்று வருடத்துக்குச் சீர்திருத்தப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தான்.

இந்தத் தடவை வாய் அத்தனை சுலபமாகத் திறக்கவில்லை.

காப்பிக்கடை முதலாளி, அந்தச் சீனத் தவுக்கேயின் புதுச் சைக்கிள் காணாமல் போன அன்று, அதைக் கொல்லைப்புறமாகத் தள்ளிக்கொண்டு வந்தவன் அவளுடைய ஒரே மகன் ஜெயபாலன். சன்னல் வழியாக நவமணி கண்ணாலேயே பார்த்தாள். மறுநாள் போலீஸ்காரர் வந்து கேட்டபோது, "பக்கத்து வீட்டு அர்ச்சுனன்தான் தள்ளிக்கிட்டுப் போனான்" என்றாள். அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது தாயோடு டவுனுக்கு வந்த பையன் அர்ச்சுனன். கேட்க அப்பன் இல்லை. ஜெயபாலனுக்கோ பள்ளிப் படிப்பை முடிக்கும் ஐந்தாம் பாரப் பரீட்சை. அப்போதைக்கு அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அர்ச்சுனனின் தாய் இருளாயி முந்தாநாள் வந்து கையைப் பிடித்துக்கொள்ளும் வரைக்கும்.

"திங்கக்கெழம கேஸு, அக்கா. வெல்ஃபேர் ஐயா ஒங்ககிட்டத்தான் வருவாராம். எம்பையனப் பத்தி நல்லதா நாலு வார்த்த சொல்லுங்கக்கா."

யார் மாட்டிவிட்டது என்று இருளாயிக்குத் தெரியாது. ஒரு கட்டு முருங்கைக்கீரை வேறு கொடுத்துவிட்டுப் போனாள். ஆக்கவும் மனமில்லாமல், எறியவும் மனமில்லாமல் நவமணி அதை அடுப்படியிலேயே வாடவிட்டிருந்தாள்.

"அர்ச்சுனன் தங்கமான பையன்லா ஐயா," என்று ஒரே மூச்சில் ஆரம்பித்தாள். "பாசார்லேருந்து வந்தா ஓடியாந்து பைய வாங்கிக்குவான். அவன் எடுத்திருக்கவே மாட்டான்."

பஞ்சலிங்கம் தலையை ஆட்டினார். எழுதவில்லை.

"இந்த வீட்டில எத்தினை பேர் இருக்கிறியள், அம்மா?"

"மூணு பேருதான். நான், அவங்க, மகன்."

"மகன்ர அப்பா என்ன வேலை?"

"லோரி ஓட்டுறாங்க. தஞ்சோங் மாலிம் பக்கம் போனா ரெண்டு நாள், மூணு நாள் ஆகும்."

அதை எழுதினார். மகன் எங்கே படுக்கிறவர், எங்கே இருந்து படிக்கிறவர் என்று கேட்டு அதையும் எழுதினார். சந்துக்குள் தன்னைவிட நீளமான மூக்கை நவமணி இப்போதுதான் பார்க்கிறாள். யாழ்ப்பாணத்து ஆளுங்க எதையும் அரைகுறையாக விடமாட்டாங்க என்று நினைத்துக்கொண்டாள்.

"காலமை மகன் எங்க போனவர்?"

"லைப்ரரிக்குத்தான் ஐயா. சனிக்கெழமகூட ஸ்கூல் சட்டைய அயர்ன் போட்டு மாட்டிக்கிட்டுப் போயிட்டான். பரீட்ச பயம். ஒரு வாரமாச் சரியாச் சாப்புடறதுகூட இல்ல."

எதிர்வீட்டு முத்தம்மா மாமரத்தடிக்குப் போய்க் காருக்குள் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றாள். பார்க்கட்டும், ஊர் முழுக்கப் பாடட்டும் என்று நவமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பஞ்சலிங்கம் பேனாவை நிறுத்தினார். "சைக்கிளை ஆர் எடுத்தது எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

மகன் பெயர் வாய் வரைக்கும் வந்தது. பரீட்சைக்கு இன்னும் இரண்டு வாரம்தான்.

"நான் அன்னைக்குச் சரியாப் பாக்காமச் சொல்லிட்டேன் ஐயா. அர்ச்சுனன் இல்ல. வேற யாரோ."

"ஆர் எண்டு தெரியாது?"

"தெரியாதுலா ஐயா."

அவர் பைலில் ஒரு தாளைப் புரட்டினார். பிறகு நிறைய எழுதினார். பைலை மூடிக்கொண்டு எழுந்தார்.

"அர்ச்சுனன வீட்டுக்கு விட்டுருவாங்களா ஐயா?"

"விடுவினம், அம்மா."

நவமணிக்கு மூச்சு வந்தது. அடுப்படிக்கு ஓடினாள். பாவம், இம்புட்டு நேரம் கார் வெக்கையில் உட்கார்ந்திருக்கிறான். சீனி அதிகம் போட்டு ஒரு கிளாஸ் மைலோ கலக்கினாள். அவர் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, முந்திக்கொண்டு காரடிக்குப் போனாள்.

நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை. மண்ணைப் பார்த்தபடியே கிளாஸை சன்னலுக்குள் நீட்டினாள்.

"குடிப்பா அர்ச்சுனா. எடுத்தது யாருன்னு தெரிஞ்சேதான் ஒன்ன மாட்டிவிட்டேன். இந்தப் பெரியம்மாவ மன்னிச்சிரு."

கிளாஸை யாரும் வாங்கவில்லை. குரல் மட்டும் வந்தது.

"அம்மா, நானே போய்ச் சொல்லிட்டேன்."