கதவுக்கு அடியில் ஒயர்

குளியலறைக் கதவுக்கு அடியில் எக்ஸ்டென்ஷன் ஒயர் நுழைந்திருந்தது. உள்ளே ஷவர் சத்தம்.

"என்னங்க, ஷேவரை மறுபடியும் உள்ளேயே சார்ஜ் போட்டிருக்கீங்களா? தண்ணி தெறிச்சா உயிரே போயிடும்!"

பதில் இல்லை. ஒரு மாதமாக வீட்டில் அவர் இப்படித்தான். பத்து கேட்டால் ஒன்றுக்குத்தான் வாய் திறப்பார். முதலில் கோபத்தில் கதவைத் தட்டினாள். பிறகு பயத்தில் இடித்தாள்.

"ஏங்க! ஒரு வார்த்தை பேசுங்களேன்!"

ஹாலுக்கு ஓடி, சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கினாள். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட அவள் வாசலை எட்டுவதற்குள் குளியலறைக் கதவு திறந்தது. கணவர் துண்டோடு நின்றார்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

"தொண்டை கிழியக் கத்தறேன். காது கேக்கலையா?"

அவளுடைய உதடுகளையே பார்த்தவர், உள்ளே போய் ஒயர் முனையில் மாட்டியிருந்த ஒரு சின்னப் பெட்டியை எடுத்துவந்து திறந்தார். காதில் மாட்டும் கருவி இரண்டு.

"கேக்கலைம்மா. ஆபீஸ்ல மட்டும் மாட்டிக்கறேன். கிழவன்னு நீ சிரிப்பியோன்னுதான் ஒளிச்சு வெச்சு சார்ஜ் போட்டேன்."

"நான் என்மேல கோபம்னு நெனச்சு..." முடிக்க முடியாமல் அழுதாள்.

பிறகு பெட்டியை வாங்கி, வருகிறவர் போகிறவர் கண்ணிலெல்லாம் படும்படி ஹால் அலமாரியில் வைத்து, தானே சார்ஜ் போட்டாள்.