சாம்பல் நிறப் படம்

கண்காட்சி நடத்தும் பெண், ஓவியரின் வீட்டில் அவருடைய நான்கு படங்களையும் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்தாள்.

“முதல் படத்துல ஆளுங்க, மரம், பாதை எல்லாம் இருக்கு. அடுத்ததுல ஆளுங்க இல்ல. மூணாவதுல பாதை மட்டும். இதுல வெறும் சாம்பல் நிறம். யாரோட பாதிப்பு சார்?”

ஓவியருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து உள்ளறைக் கதவைப் பார்த்தார்.

“மெதுவாப் பேசுங்கம்மா. என் சம்சாரம் இப்பத்தான் கண்ணசந்தா.”

“நாளைக்குக் கையேடு அச்சுக்குப் போகுது சார். யாராவது ஒரு பெரிய ஓவியர் பேரைச் சொல்லுங்க, போதும்.”

“என் சம்சாரம்தான்.”

அவள் சிரித்தாள். “வீட்டுல அவ்வளவு பயமா?”

அவர் சிரிக்கவில்லை.

“எங்க பொண்ணு காணாமப்போய் ஆறு வருஷம் ஆச்சு. படத்துல புள்ளி மாதிரி ஒரு ஆள் இருந்தாலும், ‘இது நம்ம பொண்ணுதானே’ன்னு அங்கேயே நிப்பா. ஆளுங்களை எடுத்தேன். மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கான்னு சொன்னா. மரத்தையும் எடுத்தேன். பாதையைப் பார்த்ததும், இதுல வந்துடுவான்னு சாப்பிடாம உட்கார்ந்துட்டா. அதான் இப்ப எதுவுமே வரையல.”

கதவு திறந்தது. மனைவி வந்து, யாரையும் பார்க்காமல் சாம்பல் நிறப் படத்தின் முன் நின்றாள். ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை தேடிப் பார்த்தாள். ஓவியர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

“ஏங்க, இப்படிப் பனி மூடியிருந்தா பொண்ணு எப்படி வழி கண்டுபிடிச்சு வருவா? ஒரு விளக்காவது போடக் கூடாதா?”

ஓவியர் மஞ்சள் வண்ணக் குழாயின் மூடியைத் திறந்தார்.