ஓட்டிக்கு இல்லை

அன்று சவக்காலைக்கு வந்தவர்கள் நான்கு பேர். மினிகாப் வாடகைக் கார் ஓட்டும் கிறிஸ்துராஜா, அவருடைய மனைவி பியற்றிஸ், கிழவர் செபமாலைமுத்து, அருமைநாயகி. நால்வரும் மன்னார்க் கரை ஆட்கள். இப்போது லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் ஒரே மாதா கோயிலுக்குப் போகிறவர்கள்.

1992, நவம்பர் இரண்டு. சகல ஆத்துமாக்களின் திருநாள். சண்டைக்குள் ஊருக்குப் போய்ச் சொந்தக் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்த வழியில்லை.

"இஞ்சை ஆருமே தேடி வராத சவத்துக்கு நாங்கள் கொளுத்துவம். அங்கை எங்கட ஆக்களுக்கு ஆரும் கொளுத்துவினம்" என்று கூட்டிவந்தது பியற்றிஸ்தான்.

அவர்கள் தேர்ந்த பழைய கல்லறையின் கல்லில் ஆறு பெயர். விமானம் புதிதாக வந்த காலத்தில், ஊரை மேலேயிருந்து காட்ட ஆளுக்கு ஐந்து சிலிங் வாங்கிப் பறந்த விமானமொன்று விழுந்ததில் செத்தவர்கள்.

கிறிஸ்துராஜா ஐந்து திரி கொளுத்திவிட்டுப் பெட்டியை மூடினார்.

"தம்பி, ஆறாவது ஆளுக்கு?" என்றாள் அருமைநாயகி.

"அவன் விமான ஓட்டி, அக்கா. அளவுக்கு மேலை ஆள் ஏத்தினவனாம், இஞ்சத்தைக் காவல்காரன் சொன்னவன். காசு ஆசை. ஓட்டிக்கு இல்லை."

அருமைநாயகிக்குச் சுருக்கென்றது.

அவளுடைய புருஷன் சந்தியோகுவும் ஓட்டிதான். மன்னாரிலிருந்து அகதிகளை வள்ளத்தில் ஏற்றி இராமேஸ்வரத்தில் இறக்கியவன். ஒருநாள் ஆட்கள் கூடிப்போய் வள்ளம் கவிழ்ந்தது. அவள் அப்போதே லண்டனில். உடல் கரையொதுங்கியது என்றுமட்டும் கேள்விப்பட்டாள். அடக்கினார்களா, எங்கே, ஒன்றும் தெரியாது. ஊரே காறித் துப்பிய பெயரைச் சொல்லி யாரிடம் கேட்பது? புருஷன் காய்ச்சலில் போனார் என்றே இங்கே எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

அந்த வள்ளத்தில் போய்த்தான் செபமாலைமுத்துவின் மனைவியும் மூழ்கினாள். அதை அறிந்த நாளிலிருந்து கோயிலில் கிழவரின் முகத்தை அவள் நிமிர்ந்து பார்த்ததில்லை.

"ஒரேயொரு திரி தாவன், தம்பி."

"முத்தண்ணையைக் கேளுங்கோ. அவரின்ரை மனிசியைக் கடலிலை தாட்டதும் இப்பிடி ஒரு ஓட்டிதான். என்னண்ணை, நீங்கள் கொளுத்துவியளோ?"

பியற்றிஸுக்குப் பொறுக்கவில்லை. "நீங்கள் மட்டும் என்னவாம்? நாலு பேர் ஏறுற காருக்குள்ளை ஆறு பேரை அடைக்கிறதை நான் காணேல்லையோ? அப்ப உங்களுக்கும் திரி இல்லை!"

"வாயை மூடு, பியற்றிஸ்."

செபமாலைமுத்து கையை நீட்டிப் பெட்டியை வாங்கினார். ஆறாவது திரியைக் கொளுத்தினார். காற்று அணைத்தது. கோட்டை விரித்து மறைத்துக்கொண்டு மறுபடி கொளுத்தினார்.

"உங்கட இரக்கம், அண்ணை. நான் காரைக் கொண்டுவாறன்." கிறிஸ்துராஜா நடந்தார். விட்ட சண்டையைத் தொடர்ந்தபடி பியற்றிஸும் பின்னால் போனாள்.

"பிள்ளை" என்றார் கிழவர். "நீ சந்தியோகுவின்ரை மனிசி எண்டு எனக்கு முதல் நாளே தெரியும்."

"ஐயா... என்னை மன்னியுங்கோ..."

"என்னத்துக்கு? நீயாக வந்து கதைப்பாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். நீ மறைக்கிறதை நான் எப்பிடி வாயைத் திறக்கிறது?"

அவள் அழுதாள். கேட்க வந்ததைக் கேட்கப் பயமாக இருந்தது. கேட்டாள்.

"அவரை... அடக்கினவையோ, ஐயா?"

"ஊர்ச்சனம் தொடமாட்டன் எண்டு நிண்டது. கரைக்கு வந்து கிடக்கேக்கையும் என்ரை மனிசியின்ரை சீலைத் தலைப்பை அவன் விடேல்லை, பிள்ளை. நான்தான் குளிப்பாட்டி, வெள்ளை வேட்டி கட்டி, அவளுக்குப் பக்கத்திலை அடக்கினனான்."

அவர் பெட்டியை அவளிடம் நீட்டினார்.

மீதியிருந்த திரிகள் இரண்டு.