எது மலிவு?

கதவு மறுபடியும் தட்டப்பட்டது.

"இஞ்சாருங்கோ, தொப்பியும் மப்ளருமாய் ஒருத்தன். கழுத்தில அட்டை, கையில பைல். காஸ் பில்லையும் கரண்ட் பில்லையும் காட்டட்டாம். எது மலிவெண்டு ஒப்பிட்டுச் சொல்லுவானாம். எல்லாம் இங்கிலீசில" என்று கதவுத் துவாரத்தால் பார்த்தபடி கிசுகிசுத்தாள் அன்ரனெற்.

"உது சும்மா சாட்டு. இமிக்கிரேசன்காரன், பில்லில என்ரை பேரைத் தேடுறான்" என்றான் மாக்கஸ்.

அவனுடைய அகதி வழக்கு போன மாதம்தான் தள்ளுபடியானது. பிடிபட்டால் நேரே கொழும்புதான்.

வெகுநேரம் இருவரும் அசையாமல் நின்றார்கள். தட்டுவது ஓயவில்லை. வேலைக்கும் நேரமாகிவிட்டது, வெளியேற வேறு வாசல் இல்லை. மாக்கஸ் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தான்.

அவனுடைய காவலாளி உடுப்பையும் நெஞ்சில் மின்னிய வில்லையையும் கண்டு வந்தவனின் கண்கள் பிதுங்கின.

"ஒபிசர், பிளீஸ்! வேர்க் பேர்மிற் கம்மிங்!"

கைகளைத் தூக்கியபடி பின்வாங்கியவன் பனியில் சறுக்கி விழுந்தான்.

"ஐயோ, அம்மா!"