மதுவற்ற வட்டாரம்

காலை பத்து மணிக்கே வட்டார அதிகாரி சீஃப் முக்வானா வோட்கா பாட்டிலின் மூடியைத் திருகிவிட்டார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்த்தார். பிறகு கையை நீட்டி, மொத்தத்தையும் மேடையோரச் சாக்கடையில் கவிழ்த்தார்.

சந்தைத் திடலில் கைதட்டல் எழுந்தது. பதினொரு மணிக்கு கமிஷனர் வருகிறார். புசியா பக்கத்தின் முதல் 'மதுவற்ற வட்டாரம்' என்று பலகை திறந்துவைப்பார். கையோடு முக்வானாவுக்குப் பதவி உயர்வும் உண்டு. அதற்குள் ஊரில் ஒரு சொட்டு மிஞ்சக் கூடாது.

"இது சீல் உடைக்காத சரக்கு, சீஃப்!" என்று கத்தினாள் பார் நடத்தும் நெலிமா. "வருஷா வருஷம் லைசென்ஸுக்கு அழுவுறேன். என் கடையை மூடிட்டா இவங்க குடிக்காம இருந்துடுவாங்களா? புதர்ல காய்ச்சுறவன்கிட்ட போவாங்க. அவன் என்னத்தக் கலக்குறான்னு யாரு கண்டா?"

"அவனையும் நேத்து மத்தியானமே பிடிச்சாச்சு! அவன் காய்ச்சுன சாங்கா கேனோட என் ஆபீஸ்ல சாட்சியா உக்காந்திருக்கு. ரெண்டு பேர் காவல்."

"நம்ம காவல்காரங்களா? அப்போ கோர்ட்டுக்குக் காலி கேன்தான் போகும்!"

கூட்டம் சிரித்தது. முக்வானா கம்பீரமாக உரைத்தாளை விரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்; மாட்டிப் பார்த்துவிட்டு மறுபடி துடைத்தார்.

"என்னய்யா டைப் அடிச்சிருக்க? வெள்ளைத் தாள்ல வெள்ளை மையா?" என்று குமாஸ்தாவின் மேல் பாய்ந்தார்.

தாள் இல்லாமலே பேசினார். ஒழுக்கம், குடும்பம், தேசம் என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் நாலைந்து பாட்டில் காலியானது.

கடைசி பாட்டில் சொட்டிக்கொண்டிருந்தபோது, சுகாதார நிலையத்து நர்ஸ் நலியாகா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"சீஃப், ஒரு வோட்கா குடுங்க! சீல் போட்டதா! சீக்கிரம்!"

"பாத்தீங்களா மக்களே?" முக்வானா மைக்கைத் தூக்கினார். "வெள்ளை உடுப்பையும் விட்டுவைக்கல இந்தப் பேய்!"

"எனக்கில்ல! உங்க காவல்காரங்க ரெண்டு பேரும் எங்க வார்டுல கிடக்குறாங்க. நேத்து சாயங்காலம் அந்தச் சாட்சிக் கேன்ல கை வச்சிருக்காங்க. உள்ளே மெத்தனால். கண்ணு மங்குதுன்னு புலம்புறாங்க. இதுக்கு மருந்து நம்ம ஸ்டோர்ல கிடையாது. பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற வரைக்கும் நல்ல சாராயத்தை அளவாக் குடுத்தா அந்த விஷம் ஏறாது. கண்ணும் உசிரும் தப்பும்."

மைக் மெல்லத் தாழ்ந்தது.

நெலிமா சாக்கடையைப் பார்த்தாள். "முப்பது பாட்டில் இருந்துச்சு சிஸ்டர். இப்பத்தான் கைதட்டி வழியனுப்பிவச்சோம்."

"வேற எங்க கிடைக்கும்?"

"டவுன்லதான். மோட்டார் சைக்கிள்ல போய்வர ரெண்டு மணி நேரம் ஆகும்."

"அதுவரைக்கும் தாங்கணுமே..." நலியாகா ஒரு மோட்டார் சைக்கிள்காரனைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

தூரத்தில் கமிஷனர் காரின் செம்மண் புழுதி எழுந்தது. பள்ளிப் பிள்ளைகள் வரவேற்புப் பாட்டைத் தொடங்கினார்கள்.

முக்வானா அந்தப் பக்கம் திரும்பவில்லை. மேடையின் படியைக் காலால் துழாவி இறங்கி, நர்ஸின் அருகில் வந்து மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார்.

"மூணு பேருக்கு வாங்கிட்டு வரச் சொல்லும்மா."