ஏற்பி இல்லாத கட்டி

பெரும்பாலான மார்பகப் புற்றுநோய்ச் செல்களுக்குள் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதம் உண்டு. அதை ஏற்பி என்பார்கள். அந்த ஒரு புரதத்தோடு தமயந்தி இருபத்திரண்டு வருடங்களை ஆய்வகத்தில் கழித்தாள். அதை அடைக்கிற மாத்திரை ஒன்று அவளுடைய ஆய்விலிருந்துதான் வந்தது. தங்கை பவானிக்கு மார்பில் கட்டி என்றதும், “நான் எதுக்குடி இருக்கேன், பயப்படாதே” என்று சொல்லியிருந்தாள். பரிசோதனை முடிவை மருத்துவமனை வராந்தாவில் நின்றபடியே பிரித்தாள். ஏற்பி இல்லை என்று இருந்தது. மூன்று முறை படித்துவிட்டுத் தங்கையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “உன் மாத்திரை எனக்குக் கேக்காதா அக்கா?” என்றாள் பவானி. “உன் கட்டியில அது போய் ஒட்ட இடமே இல்லடி. வேற மருந்து இருக்கு. ஆனா கஷ்டமா இருக்கும்.” எதிர் பெஞ்சில் ஒரு பெண் தமயந்தியின் ஆய்விலிருந்து வந்த அதே மாத்திரையின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, “இதாவது கேக்குமா?” என்று கணவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பவானி அக்காவின் முழங்கையைத் தொட்டாள். “போய்ச் சொல்லுக்கா. பயந்துபோயிருக்காங்க.” தமயந்தியால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. பிறகு போய் அந்தப் பெண்ணின் முன்னால் குனிந்து, “இதக் குடுத்திருக்காங்கன்னா உங்க கட்டியில இது ஒட்ட இடம் இருக்குன்னு அர்த்தம். கேக்கும்மா, நல்லாவே கேக்கும்” என்றாள். “உங்க வீட்லயும் இதே மாத்திரையா?” என்று அந்தப் பெண் ஆவலோடு கேட்டாள். தமயந்தி வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பவானி சொன்னாள்: “ஆமாங்க, எங்க வீட்டு மாத்திரைதான்.”