கம்பங்கொல்லை ரீமிக்ஸ்

“சார், அது குருவி வெரட்டறதுக்குக் கட்டினது. தொடாதீங்க!”

கொல்லைக்காரர் காசி வரப்பிலிருந்து கத்தினார். மாறன் காதில் வாங்கவில்லை. கம்பங்கொல்லையைச் சுற்றிக் கட்டிய கயிற்றில் மின்னிக்கொண்டிருந்த சிடி ஒன்றைப் பிடித்துத் திருப்பினான்.

பச்சை மார்க்கரில் ‘புது வரவு, ஜூலை 2005’ என்றிருந்தது. அவன் கையெழுத்துதான்.

பக்கத்தில் தொங்கியது ஆகஸ்ட். அதற்குப் பக்கத்திலும் ஆகஸ்ட்.

ரேஷன் கார்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்க அடி அண்ணாமலைக்கு வந்தவன் அவன். காலையிலிருந்து நாற்பது வீடு ஏறி இறங்கி, பேசக்கூடத் தெம்பில்லை. இந்த நேரத்தில் இது வேறு.

“எங்கேர்ந்து வந்திச்சு இதெல்லாம்?”

“ஆசிரமத்துப் பக்கம் காபிக்கடை வெச்சிருக்காரே பரசுராமன், அவருதான் குடுத்தாரு. அவரு கடைக்கு நான்தான் பால் ஊத்தறேன். ‘சும்மா கெடக்குது, எடுத்துனு போ’ன்னாரு. நல்லா மின்னுது சார். குருவி ரொம்பக் கம்மியாயிடுச்சு.”

“எத்தினி குடுத்தாரு?”

“மாசத்துக்குப் பத்தொம்போது.”

மாறன் வைப்பது இருபது. அப்படியென்றால் ஊரில் ஒரே ஒரு ஆள்தான் எடுத்துப்போகிறான்.

வண்டியைக் கிளப்பினான். எழுதவேண்டிய படிவங்கள் பையிலேயே கிடந்தன.

மாறன் வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சர். ஆறு வருடமாகத் தற்காலிகம்தான். ஆள் போதாத நாளில் இப்படி வெளிவேலைக்கும் அனுப்புவார்கள். பகல் முழுக்க ஊரார் பெயரையும் விலாசத்தையும் தட்டுகிறவனுக்கு எலெக்ட்ரானிக் இசை என்றால் உயிர். எந்த நாட்டிலோ எவனோ தன் அறையில் உட்கார்ந்து செய்த இசையை, பிரௌசிங் சென்டரில் ஒரு பாட்டுக்கு அரைமணி காத்திருந்து இறக்குவான். வீட்டிலிருக்கும் பழைய கம்ப்யூட்டரில் தானே இரண்டு ரீமிக்ஸ் செய்து சேர்ப்பான். இருபது சிடியில் ஏற்றி, மாதத்தின் முதல் ஞாயிறு பரசுராமன் கடை மேசையில் வைத்துவிட்டு வருவான்.

பக்கத்தில் ஒரு நோட்டும் வைத்திருந்தான். ‘இலவசம். கேட்டுவிட்டு நாலு வரி எழுதவும்.’

வெளிநாட்டுக்காரர்களும் வெளியூர்க்காரர்களும் வந்துபோகிற கடை. ஒரே வாரத்தில் இருபதும் தீர்ந்துவிடும். நோட்டில் எப்படியும் மூன்று பேர் எழுதியிருப்பார்கள், அதுவும் தமிழில். ஆனால் பெயர் போடமாட்டார்கள். நம்ம ஊரிலேயே மூன்று பேர் இதைக் கேட்கிறார்கள் என்ற நினைப்பில்தான் இத்தனை மாதமும் அவனுக்கு வண்டி ஓடியது. வீட்டில் திட்டியபோதும், கண் எரிந்தபோதும் அந்த மூன்று பேரை நினைத்துக்கொள்வான்.

‘யாரும் எடுக்கலைனு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சிடும் அந்த மனுஷனுக்கு? இருபதும் போயிடுச்சு தம்பினு வாய் கூசாம சொன்னாரே! என்னை வெச்சு வேடிக்கை பாத்திருக்காரு.’

செங்கம் சாலை வரும்வரை இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். இனி சிடியும் வேண்டாம், ரீமிக்ஸும் வேண்டாம். ஆபீஸ் விட்டால் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம்.

மதியம் மூன்று மணி. கடையில் ஒரு ஈ காக்கை இல்லை. மேசை மேல் நோட்டும் இல்லை. உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. மாறன் சமையல்கட்டு வாசல்வரை போனான்.

பரசுராமன் அவனுக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஒரு காதில் மட்டும் ஹெட்போன். மடியில் நோட்டு. அவர் மனைவி தனம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்தது. கொஞ்சம் படுங்களேன்,” என்றாள் தனம்.

“இரு, இன்னும் ரெண்டு பாட்டு இருக்குது.” காதில் ஹெட்போன் இருந்ததால் பரசுராமன் சத்தமாகவே பேசினார். “முழுசா கேக்காம எப்பிடி எழுதறது? நாலாவதுல தண்ணி சொட்டற மாதிரி ஒண்ணு வருது. அது வெளிநாட்டுக்காரன் போட்டதில்ல, நம்ம மாறன் தம்பியே சேத்ததாத்தான் இருக்கும். அத எழுதணும்.”

மாறன் அப்படியே நின்றுவிட்டான். அது அவன் வீட்டுக் குழாய். மூன்று நாள் வாளியருகே மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பதிவுசெய்தது. இதுவரை ஒருவரிடமும் அதைச் சொன்னதில்லை.

“இதெல்லாம் உங்களுக்குப் புரியுதா என்ன?”

“மொதல்ல நாலு மாசம் தலைவலிதான். அப்புறம் பழகிடுச்சு. பாவம், ஆபீஸ்ல அவ்ளோ வேலை பாத்துட்டு இதையும் பண்றாரு. யாருமே எடுக்கலன்னு தெரிஞ்சா விட்டுடுவாரு.”

வழி நெடுகச் சேர்த்துவைத்த நாலு வார்த்தையை நினைக்கவே மாறனுக்கு இப்போது வெட்கமாக இருந்தது. சத்தம் காட்டாமல் திரும்பினான்.

“இந்தா தனம், இந்தத் தடவயும் மூணாவது ஆளா நீயே எழுதிடு. என் கையெழுத்த ரெண்டு தினுசுக்கு மேல மாத்த வரல.”

“நான் என்னத்தங்க எழுதறது?”

“‘அடுத்தது எப்ப வரும்?’னு எழுது. அத நான் நெசமாவேதான் கேக்கறேன்.”